யார் வீட்டுப் பாதை?

"தம்பி, நீங்க நாலு ஊர் போயிட்டு வர்றவரு. எந்த சிம்முங்க நல்லா எடுக்குது?"

திருப்பூரில் என்னைச் சந்திக்கும் நண்பர்கள் என் நாவல்களைப் பற்றிக் கேட்டு வெகு காலமாகிவிட்டது. அதற்காக நான் வருந்தவில்லை. நூல் விலை, டாலர் விலை, ஆள் கிடைக்காத கஷ்டம் ஆகிய மூன்றுக்கும் அடுத்தபடியாக இந்த ஊரில் அதிகம் அடிபடும் பேச்சு, செல்போனில் 'டவர்' எடுக்கிறதா இல்லையா என்பதுதான். பெருமாநல்லூர்க்காரர் ஒன்றைப் புகழ்வார். பல்லடத்துக்காரர் அதையே திட்டுவார். இரண்டு பேரும் சத்தியத்தைத்தான் சொல்லுகிறார்கள் என்பது இதில் வேடிக்கை.

மேற்படி கேள்வியைக் கேட்டவர் மங்கலம் சாலையில் பனியன் கம்பெனி நடத்தும் என் நண்பர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பவர் டேபிள் போட்டு ஓவர்லாக்கும் பிளாட்லாக்குமாக நூற்றுச் சொச்சம் மெஷின்கள் ஓடுகின்றன. அவர் பெயரை எழுதப் போவதில்லை. இந்தக் கட்டுரையில் அவரோடுதான் நான் சண்டை பிடிக்கப் போகிறேன். பெயரைச் சொல்லிச் சண்டை பிடித்தால் அவர் வீட்டு அரிசியும்பருப்புச் சோறு எனக்கு இல்லாமல் போய்விடும்.

கேட்டதோடு அவர் நிற்கவில்லை. செக்கிங் மேஜை மேல் மூன்று போன்களை வரிசையாக வைத்தார். மூன்றும் மூன்று கம்பெனி. வாசல் கேட்டருகே நின்றபோது மூன்றிலும் கோடுகள் நிமிர்ந்து நின்றன. தகரக் கூரையின் கீழே, மெஷின்கள் ஓடும் இடத்துக்கு வந்ததும் இரண்டு போன்கள் மூச்சை நிறுத்திக் கொண்டன, மூன்றாவது முனகியது. பின்பக்கத்தில் பீஸ் அடுக்கும் குடோனுக்குப் போனோம். அங்கே செத்துக் கிடந்ததில் ஒன்று பிழைத்து எழுந்தது; பிழைத்திருந்தது செத்தது. எந்த எந்தக் கம்பெனி என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே யாராவது ஒரு சிம்மை இலவசமாகக் கொண்டுவந்து நீட்டுவார்கள். என்னிடம் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன.

நான் பட்டப் படிப்பைப் பாதியில் விட்டவன். ஆனாலும் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன். இரும்புத் தகட்டை எந்த அலையும் துளைத்துக்கொண்டு வராது. கதவுச் சந்திலும் ஜன்னலிலும் வளைந்து நுழைந்துதான் வரவேண்டும். 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் அதிகமாகச் சுமக்கமாட்டா. 2300, 3300 போன்ற உயர்ந்த அலைகள் வண்டி வண்டியாகச் சுமக்கும். ஆனால் ஒரு சுவர் குறுக்கே வந்தால் களைத்துவிடும். ஒவ்வொரு கம்பெனியின் கையிலும் வெவ்வேறு அலைகள் இருக்கின்றன. கோபுரங்களும் வெவ்வேறு இடங்களில் நிற்கின்றன. ஆகவே, 'எது நல்ல கம்பெனி' என்பதற்கு ஒரே பதில் கிடையாது. 'எந்தக் கூரையின் கீழ்?' என்று திருப்பிக் கேட்கவேண்டும்.

இந்தக் கூரையைத்தான் யாரும் அளப்பதில்லை. 'டிராய்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஊர் ஊராகச் சோதனை நடத்தி அறிக்கை வெளியிடுகிறது. நல்ல காரியம். ஆனால் அந்தச் சோதனை பெரும்பாலும் சாலையில் ஓடும் வண்டியில் கருவிகளை வைத்து நடக்கிறது; சில இடங்களில் இறங்கி நின்றும், நடந்தும் பார்க்கிறார்கள். 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி எந்தப் பகுதியில் தங்கள் சேவை கிடைக்கிறது என்று கம்பெனிகள் வரைபடம் வெளியிட வேண்டும். அதுவும் நல்ல காரியம். படத்தில் மங்கலம் சாலை முழுக்க வர்ணம் பூசியிருக்கிறது. சாலைக்குப் பத்தடி உள்ளே, சிமெண்ட் ஷீட் போட்ட லைன் வீட்டில், பன்னிரண்டு மணி நேரம் தைத்துவிட்டு வந்து படுக்கிறவனின் தலைமாட்டில் எந்த வர்ணம் என்று படம் சொல்லாது.

வேகத்தைப் பற்றிய விளம்பரங்களையும் கொஞ்சம் பார்ப்போம். 'இந்தியாவிலேயே அதிவேகம்' என்று ஏர்டெல் விளம்பரம் செய்தது. ஊக்லா என்ற வெளிநாட்டு அளவைக் கம்பெனியின் கணக்கு அதற்கு ஆதாரம். ஜியோ சண்டைக்கு வந்தது. 2017-இல் விளம்பரத் தரக் கவுன்சில், அந்த விளம்பரத்தைத் திருத்தவோ விலக்கவோ வேண்டும் என்று சொல்லிற்று. அதே சமயத்தில் டிராய் ஆணையத்தின் சொந்தக் கணக்கில் ஜியோ முன்னால் நின்றது! ஜியோ அப்போது எழுப்பிய ஆட்சேபங்களுள் ஒன்று இந்த ஊருக்கு நன்றாகப் புரியும்: ஒரே போனில் இரண்டு சிம் போட்டிருந்தால், ஓடியது ஒன்று, பெயர் வாங்கியது இன்னொன்று ஆகிவிடக்கூடும். திருப்பூரில் இரண்டு சிம் போடாத போனை நான் பார்த்ததில்லை.

சரி, அளவை சரியாகவே இருக்கட்டும். சாலையும் சரி, கூரையும் சரி, எல்லாவற்றையும் அளந்துவிட்டதாகவே வைத்துக் கொள்வோம். இதற்கு மேலேதான் நான் சொல்ல வந்த சங்கதி இருக்கிறது.

மந்திரி வருகிறார் என்றால் முந்தின ராத்திரி அந்த ஒரு சாலைக்கு மட்டும் தார் ஊற்றுவதை நாம் பார்த்திருக்கிறோம். மந்திரியின் காரில் உட்கார்ந்து அளந்தால் நம் ஊர்ச் சாலைகள் லண்டன் சாலைகளுக்கு ஒப்பானவை. செல்போன் பாதையிலும் இதைச் செய்ய முடியும். வேகத்தை அளக்கும் செயலி போகும்போது பாதையை அகலத் திறந்துவிட்டு, மற்றச் சரக்கு போகும்போது ஒடுக்கிவிட்டால், அளந்தவனுக்குக் கிடைப்பது மந்திரி சவாரி. அமெரிக்காவில் 2013, 2014-ஆம் வருஷங்களில் நெட்ஃபிளிக்ஸ் படங்கள் காம்காஸ்ட் கம்பெனியின் இணைப்பில் திக்கித் திணறின. 2014 பிப்ரவரியில் பணம் கொடுக்க நெட்ஃபிளிக்ஸ் சம்மதித்தது. பிறகு படம் தங்கு தடையில்லாமல் ஓடிற்று. குற்றம் யார் மேல் என்று இரு தரப்பாரும் நெடுநாள் வாதாடினார்கள். எனக்கு வேண்டியது அந்தத் தீர்ப்பல்ல. சந்தாதாரன் வாங்கியிருந்த வேகம் முன்னும் பின்னும் ஒன்றுதான். அவனுக்குக் கிடைத்த படம் மட்டும் வேறு. பிறகு 2016-இல் நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்தச் சர்வரிலிருந்தே வேகத்தை அளந்து காட்டும் ஒரு கருவியை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டது.

பாதைக்காரன் சரக்கைப் பார்த்து நடத்தக் கூடாது. வந்ததை வந்தபடி சுமக்க வேண்டும். இதைத்தான் நெட் நியூட்ராலிட்டி என்கிறார்கள். 2003-இல் டிம் வூ என்ற சட்டப் பேராசிரியர் வைத்த பெயர். தமிழில் இணைய நடுநிலை என்று எழுதுகிறார்கள். பெயர் எப்படியானாலும், எந்தக் கம்பெனியின் வேகம் உசத்தி என்ற ஒப்பீட்டுக்கு அர்த்தம் இருப்பதே இந்த ஒன்று இருக்கும் வரைக்குந்தான். நண்பர் மேஜை மேல் வைத்த மூன்று போன்களும் இதை அளக்கமாட்டா.

"அதெல்லாம் பெரிய எடத்துப் பேச்சுங்க தம்பி. நம்மளுக்கு எதுக்குங்க?" என்றார் நண்பர்.

நம்முடைய பேச்சுத்தான், அண்ணா. சாயப்பட்டறையை எடுத்துக் கொள்ளுங்கள். நீங்கள் துணி அனுப்புகிறீர்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கிறீர்கள். அடர்ந்த நிறத்துக்கு ஒரு கூலி, வெளிர் நிறத்துக்கு ஒரு கூலி. அது நியாயம், சாயம் கூடச் செலவாகிறது, தண்ணீர் கூடச் செலவாகிறது. இப்போது அந்தப் பட்டறைக்காரர் சொந்தமாகவும் ஒரு பனியன் மார்க் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காதர்பேட்டையில் உங்கள் சரக்கும் அவர் சரக்கும் அடுத்தடுத்த கடையில் தொங்குகின்றன. தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது உங்கள் துணி மட்டும், 'மெஷின் ரிப்பேருங்க, நாளைக்குங்க' என்று தொட்டியடியில் கிடந்தால்? அல்லது, 'என் மார்க்குக்குச் சாயக்கூலியே கிடையாது, உங்களுக்கு மட்டும் உண்டு' என்றால்? நண்பர் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். அச்சில் போட முடியாத வார்த்தை. அந்த வார்த்தையைத்தான் நாகரிகமான ஆங்கிலத்தில் பத்து வருஷமாகச் சிலர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி என் குற்றத்தை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக் கம்பெனி, ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து 'இன்டர்நெட்.ஆர்க்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. முதலில் வந்த சில மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று, தமிழிலும் வந்தது. அவர்கள் பட்டியலில் உள்ள சில தளங்களை மட்டும் காசில்லாமல் பார்க்கலாம். பிறகு 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் மாற்றினார்கள். பெரிய பெரிய விளம்பரங்கள். ஏழை விவசாயி, பள்ளிக்கூடப் பெண், இவர்களெல்லாம் அந்த விளம்பரங்களில் சிரித்தார்கள். அந்த டிசம்பரில் டிராய் ஆணையம் நாலு கேள்விகளை வெளியிட்டு ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டது. ஃபேஸ்புக்கைத் திறந்தால், 'ஆதரிக்கிறேன்' என்று ஆணையத்துக்கு எழுதச் சொல்லி ஒரு பொத்தான் வந்து நின்றது. நான் அழுத்தினேன்.

ஏன் அழுத்தினேன்? பள்ளி விடுமுறையில் பனியன் கம்பெனிக்குக் கைமடி வேலைக்குப் போனவன் நான். காசில்லாதவனுக்கு ஏதோ கொஞ்சமாவது கிடைக்கட்டுமே என்று தோன்றிற்று. எதிர்த்தவர்களெல்லாம் பட்டணத்துப் படித்த பிள்ளைகளாகத் தெரிந்தார்கள். அதே வருஷம் ஏப்ரலில் பத்து லட்சத்துக்கும் மேலான மின்னஞ்சல்களை அனுப்பி ஆணையத்தைத் திணற அடித்தவர்கள் அவர்கள். வயிறு நிறைந்தவனுக்கு விருந்தில் உப்புக் குறை. பட்டினி கிடப்பவனுக்குக் கஞ்சி போதும் என்பது என் எண்ணம். லட்சக்கணக்கில் என்னைப் போன்ற புண்ணியவான்கள் அழுத்தினார்கள். ஆணையம் கேட்ட நாலு கேள்விகளில் ஒன்றுக்கும் அந்தக் கடிதத்தில் பதில் இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கேள்வியைப் படிக்காமலே பதில் எழுதிய மாணவன் நான்.

2016 பிப்ரவரி 8-ஆம் தேதி ஆணையம் தீர்ப்புச் சொல்லிற்று. பார்க்கும் விஷயத்தைப் பொறுத்து இணையத்துக்கு வேறு வேறு விலை வைக்கக்கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், மொத்தத்தில் 50 லட்சம் வரை அபராதம். சில நாட்களில் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டுப் போயிற்று. 'ஏழையின் வாயில் மண்' என்று நான்கூட ஒரு கூட்டத்தில் பேசினேன். அந்தப் பேச்சு யாரிடமும் பதிவாகி இருக்கக்கூடாதே என்று இப்போது பிரார்த்திக்கிறேன்.

அந்தக் கஞ்சியில் என்ன இல்லை என்று நான் விசாரிக்கவே இல்லை. வீடியோ இல்லை. இணையத்தின் வழியே பேசுவது இல்லை. பெரிய படங்கள் இல்லை. பட்டியலில் இடம் பெற விரும்பும் தளத்துக்கு அப்படி ஒரு விதியே இருந்தது. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்து நம் ஊரில் மெஷின் மிதிக்கிற ஒரு பெண்ணுக்கு இணையம் எதற்கு வேண்டும்? பருவநிலை அறிக்கை படிக்கவா? தாயின் முகத்தைப் பார்க்க. அந்த ஒன்றைத்தான் பட்டியல் போட்ட பெரியவர்கள் விட்டுவிட்டார்கள்.

அப்புறம் நடந்தது ஊரறிந்தது. ஏழு மாதங்களில், 2016 செப்டம்பர் 5-இல் ஜியோ வந்தது. ஒரு ஜிபி இருநூறு ரூபாய்க்கு மேல் விற்ற காலம் போய், இரண்டு மூன்று வருஷங்களில் பத்துப் பன்னிரண்டு ரூபாய் என்ற நிலைக்கு இறங்கிற்று. அதில் போட்டியாளர்களைக் கொன்று தின்கிற வியாபாரமும் இருந்தது. அதை நான் புகழவில்லை. ஆனால், கைமடிப் பையனுக்குக் கிடைத்தது முழு இணையம், பட்டியல் இல்லாத இணையம். தர்மம் செய்ய வந்தவர்களைச் சுமந்து வந்த ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2017 முடிவதற்குள் செல்போன் சேவையையே மூடிக்கொண்டது. பொத்தானை அழுத்திய விரல் மட்டும் என்னிடம் மிஞ்சியிருக்கிறது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். அவர் மனத்தாங்கல் இல்லாமல் கேட்டுக்கொண்டார். பிறகு, "பொறவு ஏனுங்க, மார்க்கெட்டே பார்த்துக்கும். ஒருத்தன் சரியில்லீன்னா இன்னொருத்தனுக்கு மாறிக்கறதுதானுங்களே" என்றார்.

படித்த பொருளாதார நிபுணர்களும் இதையேதான் இன்னும் நீளமாகச் சொல்லுகிறார்கள். நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் அதே நம்பர் என்பது 2015 ஜூலையில் வந்தது. வரவேற்கிறேன். ஆனால் மாறுவதற்கு ஆள் வேண்டுமே! அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் எத்தனை கம்பெனிகள் இருந்தன என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். இரண்டு கையும் தேவைப்படும். 1999-இல் இந்த மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்த ஏர்செல், 2018 பிப்ரவரியில் படுத்தது. வங்கியிலும் கேஸ் புத்தகத்திலும் கொடுத்திருந்த நம்பர் ஊமையாகிப் போய், ஜனங்கள் கடை வாசல்களில் கூடி நின்றார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. இன்று மிச்சம் நான்கு; அதில் ஒன்று சர்க்காருடையது. 2024 ஜூலை 3-ஆம் தேதி ஜியோவும் ஏர்டெல்லும் கட்டணத்தை உயர்த்தின. மறுநாள் வோடபோன் ஐடியா உயர்த்திற்று. பனியன் தைக்கும் கூலியை உயர்த்த இந்த ஊரில் எத்தனை சுற்றுப் பேச்சு வார்த்தை நடக்கும் என்பது நண்பருக்குத் தெரியும். இங்கே இரண்டே நாளில் வேலை முடிந்தது. கோபித்துக்கொண்டு பி.எஸ்.என்.எல்-க்குப் போனவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. அதன் 4ஜி நாடு முழுவதற்குமாகத் தொடங்கி வைக்கப்பட்டது 2025 செப்டம்பர் மாதத்தில்.

அந்த மூன்று போன்களிலும் தகரக் கூரைக்குள் எடுப்பது ஒன்றே ஒன்று என்று நாம்தானே மேஜை மேல் வைத்துப் பார்த்தோம், அண்ணா? அந்த ஒன்று நாளைக்குத் தன் பாதையில் சுங்கம் போட்டால், உங்கள் தையல்காரன் கூரையைப் பிரித்துப் போட்டா வேறு கம்பெனிக்கு மாறுவான்?

சுங்கம் என்று நான் சும்மா சொல்லவில்லை. 2014 டிசம்பரில் இணையத்தின் வழியாகப் பேசுவதற்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களில் நிறுத்தி வைத்தது. இப்போது வேறு திசையிலிருந்து கேட்கிறார்கள். வீடியோக்காரர்கள் எங்கள் பாதையை நிறைக்கிறார்கள், ஆகவே அவர்கள் எங்களுக்குப் பங்கு தரவேண்டும் என்பது கம்பெனிகளின் சங்கம் சில வருஷங்களாகச் சொல்லும் வாதம். 'நியாயமான பங்கு' என்று அதற்கு அழகான பெயரும் வைத்திருக்கிறார்கள். நான் கேட்கிறேன்: வீடியோ தானாக ஓடி வருகிறதா? சந்தாதாரன் கேட்டு வருகிறது. அந்தச் சந்தாதாரன் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட்டுத்தான் கேட்கிறான். பஸ்ஸில் டிக்கெட் வாங்கியவனிடம் கூலியும் வாங்கிக்கொண்டு, அவன் இறங்கிப் போகிற கடைக்காரனிடமும் கை நீட்டுவது எந்த ஊர் நியாயம்? தென் கொரியாவில் இப்படி அனுப்புகிறவர் பக்கமும் கட்டணம் என்று 2016-இல் கொண்டுவந்தார்கள். விளையாட்டு வீடியோக்களுக்குப் பேர்போன டிவிட்ச், மற்ற நாடுகளைவிடப் பத்து மடங்கு செலவாகிறது என்று சொல்லி 2024 பிப்ரவரியில் அந்த நாட்டை விட்டே போயிற்று. அமேசானுக்குச் சொந்தமான டிவிட்சுக்கே அந்தக் கதி. அனுப்பர்பாளையத்தில் மாடி அறையில் உட்கார்ந்து, ஜாப் ஒர்க் தேடுகிறவனையும் கொடுக்கிறவனையும் சேர்த்து வைக்க ஒரு செயலி எழுதும் இளைஞன் எந்தப் பங்கைக் கொடுப்பான்?

எதிர்க்கட்சியில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆம்புலன்ஸுக்கு வழி விடத்தான் வேண்டும். 2018 ஜூலையில் மத்திய சர்க்கார் ஏற்றுக்கொண்ட நடுநிலை விதிகளிலும் அதற்கு இடம் இருக்கிறது: நெரிசலைச் சமாளிக்க நியாயமான ஏற்பாடு, அவசரக் காரியம், சிறப்புச் சேவைகள், இவற்றுக்கு விலக்கு உண்டு. அமெரிக்கா 2015-இல் இந்த விதியைப் போட்டது, 2017-இல் எடுத்தது, 2024-இல் திரும்பப் போட்டது, 2025 ஜனவரியில் கோர்ட்டு அதை அடித்துவிட்டது. அவர்களைவிட நாம் இந்த ஒரு விஷயத்தில் உறுதியாக நின்றோம். எனக்கு அதில் பெருமைதான். பொத்தானை அழுத்தியவன் என்ற முறையில் பெருமைப்பட உரிமை இல்லை என்றாலும்.

ஆனால் முன்வாசலைப் பூட்டியவர்கள் கொல்லைக் கதவைப் பார்க்கவில்லை என்று எனக்கு ஒரு சம்சயம். ரீசார்ஜ் செய்தால் இன்ன சினிமாச் செயலிக்குச் சந்தா இலவசம் என்கிறார்கள். டேட்டாவுக்கு எல்லோருக்கும் ஒரே விலை என்பதால் 2016 விதி இதைத் தொடாது. 2025 பிப்ரவரி முதல் ஜியோஹாட்ஸ்டார் என்று ஒன்று ஓடுகிறது. பாதையும் கொட்டகையும் ஒரே குடும்பத்தில். அந்த வருஷம் ஜூலையில் ஏர்டெல், கேள்வி கேட்டால் பதில் சொல்லும் பெர்ப்ளெக்சிட்டியை வாடிக்கையாளர்களுக்கு ஒரு வருஷம் இலவசம் என்றது. அக்டோபரில் ஜியோ கூகுளின் ஜெமினியைப் பதினெட்டு மாதம் இலவசம் என்றது. முன்னே பட்டியலில் நூறு தளமாவது இருந்தது. சிம்மோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒற்றைப் பதில்சொல்லியிடம் ஜனங்கள் கேட்டுப் பழகிவிட்டால், சமைத்த சோறு ஒரே அடுப்பிலிருந்துதான் வரும். இதற்கு இன்னும் விதி எழுதப்படவில்லை. தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் இதில் என் வயிற்றெரிச்சலும் கலந்திருக்கிறது. வாசகர்கள் அதைக் கழித்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

பேசி முடித்து, நண்பர் தம் ஹாஸ்டலைக் காட்ட அழைத்துப் போனார். ஒடிசா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம் பெண்கள் எண்பது பேர். சுத்தமான இடம், குறை சொல்ல முடியாது. "வைஃபை போட்டுட்டேனுங்க தம்பி, காசில்லாம!" என்று பெருமையோடு சொன்னார். கூடவே, ஏதோ சாதாரண சமாச்சாரம் போல, "இன்டர்நெட்காரப் பையன்கிட்டச் சொல்லி லிஸ்ட் போட்டுட்டனுங்க. பணம் அனுப்பறது, பேங்கு, நம்ம அட்டெண்டன்ஸு. வீடியோ கீடியோ எல்லாம் கட்" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு நேரம் நான் யாரோடு சண்டை பிடித்தேன் என்பது அப்போதுதான் எனக்கே விளங்கிற்று.

மாடிப்படியின் கடைசித் திருப்பத்தில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு பெண் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊரில் வாங்கிய சிம்; கோராபுட் பக்கத்துக் கிராமத்தில் அந்த ஒன்றுதான் எடுக்குமாம். இங்கே அறைக்குள் அது எடுக்காது. தொட்டிக்கடியில் சில சமயம் எடுக்கும். எங்களைக் கண்டதும் போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். எதற்கு மறைக்க வேண்டும்?

"அந்தப் புள்ளைக்கு இந்த லிஸ்ட்டுல ஒண்ணுமே இல்லீங்களேண்ணா" என்றேன்.

நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பி, எழுதறது சுலுவுங்க. எல்லாத்தையும் தெறந்து உட்டா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பார்க்கும். காத்தால மெஷின்ல தூங்கி விழுந்து ஊசி வெரல்ல ஏறுனா, ஆஸ்பத்திரிக்கு நானுங்க போகோணும். அதோட அப்பன் ஆயிகிட்ட நானுங்க பதில் சொல்லோணும்."

இது பொய் வாதம் அல்ல. விரலில் ஊசி ஏறியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் தூக்கம் கெடும் என்பதுதான் கவலையானால் பதினொரு மணிக்கு எல்லாவற்றையும் சேர்த்து மூடலாம். பணம் அனுப்புவதையும் மூடலாம், வீடியோவையும் மூடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒன்பது மணிக்கு அவள் தாயின் முகத்தைப் பார்க்கலாமா, சினிமாப் பாட்டைப் பார்க்கலாமா என்று தீர்மானிக்க நாம் யார்? பன்னிரண்டு மணி நேரம் அவள் கை நம்முடையது. அதற்குக் கூலி கொடுக்கிறோம். கண்ணுக்கும் சேர்த்தா கொடுக்கிறோம்? இதைச் சொன்னபோது என் குரலும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "காசில்லாமத்தானுங்களே குடுக்கறேன்" என்றார் அவர். 2015-இல் விளம்பரங்களில் சிரித்த பெரிய மனிதர்களும் இதையேதான் சொன்னார்கள். பொத்தானை அழுத்தியபோது நானும் இதையேதான் நினைத்தேன்.

அன்றைக்கு அவர் வீட்டில் சாப்பிடாமல் திரும்பினேன்.

மறுவாரம் அவரே கூப்பிட்டார். இன்டர்நெட்காரப் பையனை வரவழைத்து வீடியோவைத் திறந்துவிட்டதாகவும், பதினொரு மணிக்கு மொத்தமாக மூடுவதாகவும் சொன்னார். போய்ப் பார்த்தேன். படிக்கட்டில் யாரும் இல்லை. அறைகளுக்குள்ளிருந்து எனக்குப் புரியாத நாலைந்து பாஷைகளில் உரக்கப் பேசும் சத்தம் கேட்டது. நண்பர் இலையில் இரண்டாந்தரம் நெய் ஊற்றும்போது மெல்லச் சொன்னார்: "கேமு மட்டும் கட் பண்ணிட்டனுங்க தம்பி. அது வேண்டாமுங்க."

வருகிற புதன்கிழமை மறுபடியும் போகிறேன்.